இடது பக்கக் கீறல்

17.2.2007, சனி

மூடுபனி. ஷார்ஜா ரோலாவிலிருந்து கம்பெனி வண்டி நாற்பது நிமிடம் தாமதம். முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. பின் சீட்டில் இரண்டு பேர்.

"ஊர்ல மார்கழியும் இப்புடித்தான்டா இருக்கும்."

"ஊர்ல பனின்னா போத்திக்கிட்டுப் படுப்ப. இங்க பனின்னா லேட்டு, பஞ்ச் கார்டு செவந்துரும். ரெண்டும் ஒண்ணா?"

என் வீட்டுக்காரர் அ. போய் எழுபத்திரண்டாவது நாள்.

வேலைக்கு உட்காரும் முன் வழக்கம்போல வாட்ச், வளையல், கல்யாண மோதிரம் மூன்றும் பேரீச்சம்பழ டப்பாவில். டப்பா இழுப்பறையில். எதிர்ச் சுவரில் என் கையெழுத்திலேயே தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ்: 'வாட்ச், நகை, பெல்ட் பக்கிள், உலோகம் எதுவும் பொருளில் படக்கூடாது.' ஆறு வருடத்துக்கு முன் எழுதியது. டேப் மஞ்சளாகிவிட்டது.

புது ரிசீவர்கள். ரிசீவர் என்றால் என்ன என்று ஜெனி சின்னவளாக இருந்தபோது கேட்டாள். துப்பாக்கியின் இடுப்பு என்றேன். குழல், கட்டை, எல்லாம் இதில்தான் வந்து மாட்டும். குறி சுடும் கிளப்புகளுக்குப் போகிற சரக்கு. பத்து வருடமாக இவற்றைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு தடவைகூடச் சுடும் சத்தம் கேட்டதில்லை.

இன்று பிரித்தது 20. கீறல் உள்ளவை 9.

போன மாதத்திலிருந்து இதே கதை. எல்லாவற்றிலும் இடது பக்கம், மேல் விளிம்புக்குக் கீழே, முடி அளவு ஒரு கோடு. கறுப்பு மெருகில் வெள்ளையாகத் தெரிகிறது. வலது பக்கத்தில் ஒன்றிலும் இல்லை. விளக்கடியில் வலது பக்கம் பார்த்து முடித்து, இடது கையால் திருப்பி, லென்ஸை வைத்தால் அங்கே இருக்கிறது.

சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை. ரிப்போர்ட்டில் இரண்டு கட்டம்: வேலைக் குறை, தோற்றக் குறை. வேலைக் குறை என்றால் மாட்டாது, ஓடாது, ஆபத்து. தோற்றக் குறை என்றால் கண்ணுக்கு மட்டும். ஆனால் திரும்பி வருவதெல்லாம் இரண்டாவதற்காகத்தான். புதிது என்று வாங்குகிறவன் பெட்டியைத் திறந்ததும் முதலில் தேடுவது கீறலை.

மதியம் கை கழுவும்போது அ. மோதிரத்தில் சுற்றிய நூல் அவிழ்ந்து, மோதிரம் குழாயடியில் விழப் பார்த்தது. மறுபடி கறுப்பு நூல், நாலு சுற்று. அவர் விரல் எவ்வளவு தடிமன். என் நடுவிரலிலும் ஆடுகிறது.

வாங்க: தோசை மாவு, போன் கார்டு, பல்பு.


18.2, ஞாயிறு

பனி இல்லை. காற்று.

குரியன் சார் கூப்பிட்டார். ஸ்டோர் மேனேஜர். கோட்டயத்துக்காரர். கோபம் வந்தால் மலையாளம், ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷ். இன்று பாதிப்பாதி.

"ஃபிலோமினா, இது சப்ளையர் அனுப்பின போட்டோ. நோக்கு. பேக் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பீஸும் எடுத்திருக்கான். இடது பக்கம், வலது பக்கம். க்ளீன். அப்போ கீறல் எவிடுந்து வந்நு?"

பார்த்தேன். சுத்தம். நம்பர் கூடப் பொருந்துகிறது.

"கப்பல்லயா?"

"நுரைக்குள்ள கிடக்குது சார். ஆடாது."

"அப்போ இங்க."

இங்கே என்றால் இரண்டே பேர். பெட்டியைப் பிரித்து, எண்ணெய் துடைத்து, என் மேசையில் வைப்பது முனியாண்டி அண்ணன். பார்ப்பது நான். திரும்பப் பெட்டியில் வைப்பதும் மு. அண்ணன்தான்.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஒரு மாதமாக வெறுமையாக விட்டிருந்தேன். சார் பேனாவை நீட்டினார். 'பிரிக்கும்போது ஏற்பட்டிருக்கலாம்' என்று எழுதினேன். 'லாம்' போட்டேன். அவர் படிக்கும்போது 'லாம்' இல்லாமல் படித்தார்.

மு. அண்ணனைக் கூப்பிட்டார். அவர் காளையார்கோவில் பக்கம். ஐம்பத்து மூன்று வயது. இங்கே பன்னிரண்டு வருடம். என்னை முதல் நாளே சிஸ்டர் என்றார். நான் நர்ஸ் இல்லை அண்ணே என்றேன். "சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக எல்லாரும் சிஸ்டர்தேன்" என்று முடித்துவிட்டார்.

சார் அவர் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். வாட்ச் இல்லை. மோதிரம் இல்லை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. பிறகு இடுப்பைப் பார்த்தார். பெல்ட். பித்தளைப் பக்கிள்.

"இதாணோ?"

"சார், நான் பூ எடுக்குற மாதிரி எடுத்து வைக்கிறேன். பக்கிள் எங்க படுது? சிஸ்டர், நீங்க சொல்லுங்க."

நான் பெட்டி நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் சொன்னது, சுருக்கமாக: மு. அண்ணனின் காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் தாள் மேசையில் இருக்கிறது. வியாழக்கிழமை வரை பார்ப்பார். கீறல் நின்றால் கையெழுத்து. நிற்காவிட்டால் கலாஸ், வீசா கேன்சல்.

வெளியே வந்ததும் மு. அண்ணன் பெல்ட்டை அங்கேயே உருவினார். பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவை எடுத்து பேன்ட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

இரவுச் சாப்பாடு ரசம் மட்டும்.


19.2, திங்கள்

மேகம். மழை வருமா என்று எல்லாரும் ஆசையாக மேலே பார்த்தார்கள். வரவில்லை.

பேக்கிங் பாகிஸ்தானி பையாக்கள் மு. அண்ணனைச் சுற்றி நின்று சிரிப்பு. "முனி பாய், எந்த ஊருக்குப் பார்சல்? அட்ரஸ் ஒட்டவா?" அவரும் சிரித்தார். "கூரியர் சார்ஜ் நீ குடுக்கிறியா பாய்?" ஒரு கை நாடாவைப் பிடித்தபடியே இருந்தது. கழன்றுவிடும் பயம்.

துணியை இரண்டு மடிப்பு மடித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்கிற மாதிரி இருந்தது. 15 பிரித்தோம்.

கீறல் 7.

ஏழாவதை நான் கண்டதும் அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே."

"நான் வைக்கையில இல்ல சிஸ்டர். டார்ச் அடிச்சுப் பார்த்துத்தேன் வச்சேன்."

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். எழுதி வைக்கிறேன். அப்படித்தான் நினைத்தேன்.

டீ நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஊருக்குப் போனா என்னைய யாருக்குத் தெரியும்? போன லீவுல எங்க வீட்டு நாயே என்னையப் பாத்துக் கொலைச்சுச்சு. எம்பொஞ்சாதி நாயை அதட்டுறா, 'ஏய், சும்மா இரு, விருந்தாளி'ங்கிறா."

சிரித்தேன். பல நாள் கழித்து. அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அ.வின் கவரை எடுத்துப் பார்த்தேன். புஜைராவில் அவருடன் கேம்ப்பில் இருந்தவர் கொண்டுவந்து கொடுத்தது. அன்று வாங்கும்போது ஒரு தாளில் பட்டியல் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. ரிப்போர்ட் மாதிரியே:

வாட்ச் 1. கண்ணாடியில் கீறல். ஓடுகிறது.
பர்ஸ் 1. ஓரம் கிழிசல்.
சீப்பு 1. இரண்டு பல் இல்லை.
ஜெபமாலை 1. சரி.
மோதிரம் 1, ஸ்டீல். விளிம்பில் பிசிறு.

அவரே செய்த மோதிரம். தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, எண்ணெய் டாங்க் வேலைக்கு வந்த முதல் வருடம், பைப் துண்டை அறுத்து அராவினது. மேலே ஒரு சின்னச் சிலுவை, கொஞ்சம் கோணல். ஷார்ஜாவுக்கு வந்தபோது பெருமையாகக் காட்டினார். நான் விரலை ஓட்டிவிட்டு, "பிசிறு இருக்கு. என் மேசைக்கு வந்தா ரிஜெக்ட்" என்றேன். "ஒரு நாளைக்கு அராவிருதேன் பிலோ" என்றார். ஒன்பது வருடமும் அதே பதில். வியாழன்தோறும் வாசலில் கையை நீட்டி, "இன்ஸ்பெக்டரம்மா, பாஸா?" என்பார். ரிஜெக்ட் என்பேன். உள்ளே வருவார்.

அவர் போன டிசம்பர் 7-ம் வியாழன்தான்.


20.2, செவ்வாய்

வெயில். 75.

ஜெனி காலையிலேயே போன். கோயம்புத்தூரில் மூன்றாம் வருடம்.

"மா, ஆர் யூ ஈட்டிங்?"

"சாப்பிடுதேன்."

"வாட் டிட் யூ ஈட் நேத்து?"

"ரசம்."

"மா, ரசம் இஸ் நாட் ஃபுட். பை தி வே, அப்பா ரிங் நீங்க போட்டிருக்கீங்களா? ஐ வான்ட் இட் சம்டே."

சரி என்றேன்.

மு. அண்ணனுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று லாக் புக்கை எடுத்து உட்கார்ந்தேன். அவர் மேல் பழி போட்டது என் கையெழுத்து. பழைய லாட்டுகளிலும் இதே கீறல் இருந்திருந்தால், பார்த்தும் விட்டிருந்தால், சப்ளையர் பொய் சொல்கிறான் என்று காட்டலாம்.

போன வருடம் முழுக்கப் பார்த்தேன். இடது பக்கக் கீறல் இல்லை.

நான் ஊரில் இருந்த நாட்கள், டிசம்பர் 9 முதல் ஜனவரி 12 வரை. எனக்குப் பதிலாக துபாய் கிளையிலிருந்து வந்த பிலிப்பினோப் பெண் பார்த்திருக்கிறாள். அழகான சின்ன எழுத்து. 140 பீஸ். கீறல் இல்லை. பிரித்தது எல்லாம் மு. அண்ணன். பெல்ட்டோடு.

ஜனவரி 13, சனி. நான் திரும்பி வந்த முதல் நாள். பிரித்தது 12. இடது பக்கக் கீறல் 3.

அதற்குப் பிறகு ஒரு லாட்கூடத் தப்பவில்லை. மொத்தம் 43.

அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. மு. அண்ணன் எல்லா நாளும் இருந்திருக்கிறார். இடையில் இல்லாமல் இருந்து, திரும்பி வந்தது ஒரே ஆள்.

ஜனவரி 12 விமானத்தில்தான் மோதிரத்தைப் போட்டேன். ஜன்னல் சீட். நாத்தனார் கொடுத்த கறுப்பு நூல்.

கழிவுத் தட்டில் அங்கங்கே மெருகு போன பழைய ரிசீவர் ஒன்று கிடக்கும். எடுத்தேன். இடது கையில், எப்போதும் பிடிக்கிற மாதிரி. வலது பக்கம் பார்த்தேன். திருப்பினேன். மோதிரம் ஆடி, சிலுவை உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தது. லென்ஸை வைத்தேன்.

மேல் விளிம்புக்குக் கீழே. முடி அளவு.

கையுறை போட்டிருந்தால் நடந்திருக்காது. எனக்குக் கையுறை பிடிக்காது. பிசிறு விரலுக்குத்தான் தெரியும் என்று பத்து வருடமாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் காலையில் என் மோதிரத்தைக் கழற்றி டப்பாவில் போடுகிறேன். பக்கத்து விரலிலேயே இது. ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை. நகை என்றே தோன்றவில்லை. கை என்றுதான் தோன்றியது.

அ. ட்யூட்டியில் கழற்றி லாக்கரில் வைப்பார். ஒழுங்கானவர். அதனால்தான் கவருக்குள் வந்தது.

குரியன் சார் அபுதாபி போயிருந்தார். மு. அண்ணன் இரண்டு தடவை என் மேசைப் பக்கம் வந்து, புக்கில் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அதையும் எழுதுகிறேன். பார்த்து முடித்த பிறகு சொன்னது.


21.2, புதன்

விபூதிப் புதன். குளிர்.

காலையில் வண்டியில் யோசித்தது. யாரிடமும் சொல்லத் தேவையில்லை. மோதிரத்தை இன்றே கழற்றினால் கீறல் நின்றுவிடும். சார் கையெழுத்துப் போட்டுவிடுவார். மு. அண்ணன் 'திருந்திவிட்டார்' என்று ஆகிவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

எவ்வளவு சுத்தமாக யோசித்திருக்கிறேன்.

பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்தி நூலைப் பிரித்தேன். மோதிரம் தானாகவே நழுவி வந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. சோப்பு வேண்டாம், இழுக்க வேண்டாம். விரலை விட்டுப் போகத் தயாராக இருந்த மாதிரி. வெளியே யாரோ தட்டினார்கள். மறுபடி போட்டு, நூல் சுற்றி, வந்துவிட்டேன்.

அப்புறம் நாள் முழுக்க ஒரு பீஸையும் தொடவில்லை. தாள் வேலை. ஃபைல் ஒழுங்கு.

மு. அண்ணன்: "உடம்புக்கு முடியலையா சிஸ்டர்? இன்னைக்கி நோன்பா? டீயாச்சும் குடிக்கலாம்ல?"

வாங்கிவந்து வைத்தார். சர்க்கரை இல்லாமல். எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று பன்னிரண்டு பேர் இருக்கிற ஸ்டோரில் அவருக்கு மட்டும் நினைவிருக்கும்.

மூன்று மணிக்கு சார் வந்தார். நேற்றும் இன்றும் ஆய்வு இல்லை என்றதும் முகம் மாறியது. "அப்போ திங்கள் ரிசல்ட்தான். அது மோசம். லெட்டர் டைப் பண்ணச் சொல்லிட்டேன். நாளைக்குக் கையெழுத்து." மு. அண்ணன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போய், ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தார்.

நான் தொடாமல் இருந்ததே அவருக்கு எதிராகப் போயிற்று.

மாலை கோயில். கூட்டம் வெளிவாசல் வரை. மலையாளிகள், கோவாக்காரர்கள், நம் பிள்ளைகள் எல்லாம் நெற்றியில் சாம்பலோடு டாக்ஸிக்கு நின்றார்கள். ஒரு சின்னப்பெண் தன் அம்மாவிடம், "மம்மி, வென் கேன் ஐ வாஷ் இட்?"

ஊரில் அடக்கத்தின்போது வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை. "முகத்துல ஒரு கீறல் கூட இல்ல பிலோ. தூங்குற மாதிரி இருக்காரு." ஆறுதலுக்குச் சொன்னார்கள். நானும் பார்த்தேன். எனக்குப் பார்க்கத்தான் தெரியும். நெற்றி, கன்னம், தாடை, இரண்டு பக்கமும். ஒன்றுமே இல்லை. ஏணியிலிருந்து விழுந்தவருக்கு உள்ளேதான் எல்லாம் போயிருந்தது.

ஒரு கீறலாவது இருந்திருக்கலாம். எங்கே பட்டது என்று தொட்டுப் பார்க்க ஓர் இடம்.


22.2, வியாழன்

தூக்கம் இல்லை. வண்டிக்கு முதல் ஆளாக நின்றேன்.

எட்டேகாலுக்கு குரியன் சார் அறை. கழிவு ரிசீவரையும் லாக் புக்கையும் மேசையில் வைத்தேன். லெட்டர் அங்கேயே இருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை.

"சார், கீறல் போட்டது நான்."

"எந்தா?"

சொல்வதைவிடக் காட்டுவது எளிது. அவர் கண் முன்னால் பிடித்தேன், திருப்பினேன். புதுக்கோடு ஒன்று, நேற்று முன்தினத்துக் கோட்டுக்குப் பக்கத்திலேயே. அவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"இது..."

"அந்தோணியோடது."

லென்ஸை மேசையில் வைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மெதுவாக:

"ஃபிலோமினா, இது எழுத வேண்டாம். நீங்க பத்து வருஷம். ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. ஹெட் ஆபீஸுக்குத் தெரிஞ்சா இன்ஸ்பெக்டர் போஸ்டே போகும். மோதிரத்தை ஊரி வை. மதி, அது போதும். முனியாண்டிக்கு லெட்டர் இப்போ கொடுக்கல. மூணு மாசம் வார்னிங்னு போடலாம்."

"வார்னிங் எதுக்கு சார்?"

"ஏதாவது காரணம் வேண்டே? ஞாயிற்றுக்கிழமை நீங்க எழுதின ரிப்போர்ட் போயாச்சு."

"திருத்தின ரிப்போர்ட் எழுதுறேன்."

"யோசிச்சு எழுது."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். காரணம்: ஆய்வாளரின் மோதிரம். பிரிப்பவர் மேல் தவறு இல்லை. 43 பீஸும் ஆய்வு மேசையில் ஏற்பட்டவை. 'லாம்' போடவில்லை.

சார் படித்துவிட்டு லெட்டரை இரண்டாகக் கிழித்தார். புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். போடும்போது, "எண்டெ அம்மச்சி, அப்பன் போன பிறகு அவரோட செருப்பை மூணு வருஷம் வாசல்லயே வச்சிருந்தா" என்றார், என்னைப் பார்க்காமல்.

மு. அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். தாள் கையெழுத்தாகிவிட்டது என்று முதலில். அப்புறம் மற்றது.

சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். ஏதாவது கேலி செய்வார், சரியாகிவிடும் என்று.

"எப்பத் தெரியும்?" என்றார்.

"முந்தாநாள்."

"முந்தாநாள்." நாடாவின் முடிச்சைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "நேத்து நான் டீ வாங்கியாந்து குடுத்தப்ப தெரியும்."

"தெரியும்ணே."

"நேத்து ராத்திரி எம்பொஞ்சாதிக்குப் போன் போட்டுச் சொல்லிப்புட்டேன் சிஸ்டர். வந்துருவேன்னு. அவ அழுகுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல, வச்சுட்டா. ஞாயித்துக்கெழமை நீங்க தெரியாம எழுதுனீக. அது சரி. நேத்து தெரிஞ்சுக்கிட்டே டீயக் குடிச்சீகளே."

நான் தலையாட்டினேன்.

"அந்தோணி தம்பிக்கு நானுந்தேன் அழுதேன்" என்றார். போய்விட்டார். மதியம் சாப்பிடும்போது வேறு மேசை. அந்தப் பையாக்களோடு.

மாலை, வேலை முடிந்து, இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூலைப் பிரித்தேன். தானாகவே வந்தது. டப்பாவில் என் மோதிரத்துக்குப் பக்கத்தில் போட்டேன். டிங் என்று ஒரு சத்தம். என்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவருடையதை அங்கேயே விட்டு மூடினேன்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை விரலைத் தடவிப் பார்த்தேன்.


23.2, வெள்ளி

லீவு. காலையில் தமிழ்ப் பூசை. துணி துவைத்தேன். பல்பு மாற்றினேன். மாவு புளித்துவிட்டது.

ஜெனிக்குப் போன். எல்லாம் சொன்னேன். அவள் இங்கிலீஷ் இல்லாமல், "அப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பாங்கம்மா" என்றாள்.

ஆமாம். ஒன்பது வருடம் ரிஜெக்ட் போட்டவளுக்கு நாற்பத்து மூன்று ரிஜெக்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சிரிக்க முயன்றேன்.


24.2, சனி

மறுபடி பனி. லேசாக.

குரியன் சாரின் புது ஒழுங்கு. வேலை தொடங்கும் முன் பிரிப்பவர் கையை ஆய்வாளரும் ஆய்வாளர் கையைப் பிரிப்பவரும் பார்த்து, தாளில் டிக் போட வேண்டும். ஹெட் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு லெட்டரும் வரும் என்றார். "வரட்டும்" என்றேன்.

மு. அண்ணன் பெல்ட் போட்டிருந்தார். புதுசு. பக்கிளுக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டு. என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். பார்த்தேன். டிக் போட்டேன்.

பிறகு நான் நீட்டினேன். அவர் தொடவில்லை. குனிந்து பார்த்தார். திருப்பச் சொன்னார். திருப்பினேன். நடுவிரலில் நூல் அழுத்தின தடம் கறுப்பாக, வளையமாக. சாயம் இன்னும் போகவில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன எழுத?" என்றேன்.

"இது கீறாதுல்ல," என்றார். டிக் போட்டார். பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தார். சிஸ்டர் என்று சொல்லவில்லை. ஆனால் பத்து மணிக்கு டீ வந்தது. சர்க்கரை இல்லாமல். கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் போனார்.

இன்று பிரித்தது 20. கீறல் இல்லை.

இருபதாவதை விளக்கடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். இடது பக்கம். கறுப்பாக, மழமழவென்று, ஒன்றும் இல்லாமல்.

மதியத்துக்கு மேல் பழைய 43-ஐயும் திருப்பி அனுப்பப் பேக் செய்தோம். சப்ளையர் மெருகை உரித்து மறுபடி போடுவான். அதற்கான செலவு நம் கணக்கு. ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. துப்பாக்கிப் பொருள், ஒவ்வொன்றுக்கும் நம்பர், போலீஸ் தாள். சாரிடம் கேட்கக்கூட இல்லை.

மு. அண்ணன் ஒவ்வொன்றாக நீட்ட, நான் நம்பர் படித்து, நுரைக்குள் வைத்தேன். வைக்கும் முன் ஒவ்வொன்றிலும் இடது பக்கம் கட்டை விரலை ஓட்டினேன். அவர் பார்த்தார். அடுத்ததை நீட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

நாற்பத்து மூன்றும் ஆயிற்று. மூடி போட்டு ஆணி அடித்தார். பெட்டியின் மேல் ஒட்டுகிற தாளை நிரப்ப என்னிடம் தந்தார். நம்பர், எடை, தேதி. கடைசியில் குறையின் வகை.

தோற்றக் குறை என்று எழுதினேன்.